அடையாள அட்டை அச்சு ரிப்பன்

அடையாள அட்டை அச்சு ரிப்பன் என்பது பிளாஸ்டிக் அடையாள அட்டைகளில் புகைப்படம், பெயர், எண், பட்டைக்குறியீடு ஆகியவற்றை வெப்பத்தின் மூலம் பதிக்கப் பயன்படும் நிறமேற்றிய மெல்லிய படலச் சுருள் ஆகும். தமிழில் அச்சு நாடா என்றும் குறிக்கப்படுகிறது. அலுவலகங்களிலும் கடைகளிலும் ரிப்பன் என்ற சொல்லே வழக்கில் உள்ளது. அட்டை அச்சுப்பொறியில் தனியாக மை இருப்பதில்லை. நிறம், கருப்பு எழுத்து, பாதுகாப்புப் பூச்சு ஆகிய மூன்றும் ரிப்பனிலிருந்தே அட்டைக்குச் செல்கின்றன. ஆகவே அட்டையின் தெளிவும் ஆயுளும் பெரும்பாலும் ரிப்பன் தேர்வைப் பொறுத்தே அமைகின்றன.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழில் பகுதியில் இத்தேர்வுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஈரம், சுண்ணாம்பு, கரைப்பான், தோல் தூசி ஆகியவற்றுக்கு நடுவே நாள்தோறும் அணியப்படும் அட்டைக்கும், கல்லூரி மாணவர் அணியும் அட்டைக்கும் ஒரே ரிப்பன் பொருந்துவதில்லை.

பகுதியின் பின்னணி

பாலாற்றுப் படுகையிலுள்ள ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அதன்பின் முழுமையாகப் பதனிட்ட தோல், காலணி மேற்பகுதி, முழுக் காலணி என உற்பத்தி படிப்படியாக விரிந்தது. சிலரைக் கொண்டு நடந்த பதனிடும் கூடங்களோடு, பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் ஷூ கம்பெனிகளும் பெருகின. பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வரும் தொழிலாளர்களைக் குறித்த நேரத்துக்குள் வாயிலில் பதிவு செய்ய வேண்டிய தேவை எழுந்தது. டைம் ஆபீஸ் வருகைப் பேரேட்டின் இடத்தை, பட்டைக்குறியீடு கொண்ட அட்டையும் அருகில் காட்டினாலே படிக்கப்படும் மின்னணு அட்டையும் பல இடங்களில் பிடித்தன.

சட்டமும் அட்டையைக் கோரியது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1971இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், வேலைக்குச் சேர்ந்த மூன்று நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்கு வேலை அட்டை வழங்க வேண்டும் என்றன. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய கையேடு ஒன்றைத் தொழிலாளிக்கு வழங்கச் சொன்னது. இவை பிளாஸ்டிக் அட்டையைக் குறிப்பிடவில்லை. எனினும், வேலை செய்ததற்கான சான்று தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற கருத்து இரண்டிலும் உண்டு. படிக்க முடியாத அட்டை அந்தச் சான்றாக நிற்காது.

இதே பகுதியில் 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி., 1919இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி, 1965இல் தோன்றிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்ற நிறுவனங்களும் உள்ளன. தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி என மூன்று வகைப் பயன்பாடும் சில பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், ரிப்பன் வகைகளை ஒப்பிட்டு அறிய இப்பகுதி பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

செயல்படும் முறை

பரவலாகப் பயன்படும் அட்டை 85.60 மில்லிமீட்டர் நீளமும் 53.98 மில்லிமீட்டர் அகலமும் சுமார் 0.76 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. வங்கி அட்டைக்கும் இதே அளவுதான். அட்டை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அச்சுப்பொறிக்குள் அட்டையும் ரிப்பனும் ஒன்றோடொன்று ஒட்டியபடி அச்சுத்தலைக்குக் கீழே நகர்கின்றன. அச்சுத்தலையில் ஓர் அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் நுண்ணிய வெப்பப் புள்ளிகள் வரிசையாக உள்ளன. அவை சூடாகும் இடத்தில் மட்டும் ரிப்பனில் உள்ள பொருள் அட்டைக்கு மாறுகிறது.

இம்மாற்றம் இரண்டு வகைப்படும்.

முதலாவது சாய ஊடுருவல். மஞ்சள், மெஜந்தா, சியான் ஆகிய மூன்று நிறச் சாயங்கள் வெப்பத்தால் பி.வி.சி.யின் மேற்பரப்புக்குள் ஊடுருவுகின்றன. வெப்பம் கூடினால் நிறம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். இதனால் புகைப்படத்தின் நிறச்சாயல்கள் இழைந்து தெரிகின்றன.

இரண்டாவது ரெசின் மாற்றம். கரி கலந்த கருப்பு ரெசின் உருகி அட்டையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இதில் இடைநிலை அடர்த்தி கிடையாது. புள்ளி விழும், அல்லது விழாது. எனவே எழுத்துக்கும் கோட்டுக்கும் பட்டைக்குறியீட்டுக்கும் இது ஏற்றது, புகைப்படத்துக்கு ஏற்றதன்று.

காலணித் தொழிற்சாலைகளில் ரெசின் என்ற சொல் புதிதன்று. காலணிப் பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் ஒட்டும் லேபிள்களை அச்சிட மெழுகு, மெழுகு-ரெசின், ரெசின் என மூவகை ரிப்பன்கள் பயன்படுகின்றன. காகித லேபிளுக்கு மெழுகு போதும். உரசலையும் ஈரத்தையும் தாங்க வேண்டிய செயற்கை லேபிளுக்கு ரெசின் வேண்டும். அட்டை அச்சு ரிப்பனிலும் இதே தர்க்கம்தான் செயல்படுகிறது. ஆனால் லேபிள் ரிப்பனை அட்டை அச்சுப்பொறியில் பயன்படுத்த இயலாது. அகலம், உருகும் வெப்பநிலை, சுருளின் அமைப்பு ஆகிய மூன்றும் வேறு.

எழுத்துக் குறியீடுகள்

ரிப்பனின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகள், சுருளில் அடுத்தடுத்து வரும் பகுதிகளைக் குறிக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் பேனல் எனப்படும்.

ஒய் – மஞ்சள்
எம் – மெஜந்தா
சி – சியான்
கே – கருப்பு ரெசின்
ஓ – நிறமற்ற மேற்பூச்சு. சில நிறுவனங்கள் இதை டி என்ற எழுத்தால் குறிக்கின்றன.

ஒய்எம்சிகேஓ என்று எழுதப்பட்ட ரிப்பனில் இந்த ஐந்து பேனல்களும் இதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ஓர் அட்டையின் ஒரு பக்கத்துக்கு ஐந்தும் ஒருமுறை செலவாகும். அட்டையின் மூலையில் சிறிய சிவப்பு முத்திரை மட்டும் இருந்தாலும் மூன்று நிறப் பேனல்களும் முழுமையாகச் சுருண்டுவிடும். பயன்படாத இடத்தை மீண்டும் பயன்படுத்த முடியாது. ரிப்பன் செலவைக் கணக்கிடும்போது பலர் கவனிக்கத் தவறுவது இதுதான்.

ரிப்பன் வகைகள்

ஒய்எம்சிகேஓ: ஒரு பக்கம் முழு நிறத்தில் அச்சிடப் பயன்படுகிறது. மாணவர், பணியாளர் அட்டைகளில் மிகப் பரவலானது. ஒரு சுருளில் அச்சுப்பொறியைப் பொறுத்து 200, 250 அல்லது 300 அட்டைகள் அச்சாகும்.

ஒய்எம்சிகேஓகே: முன்பக்கம் முழு நிறத்திலும், பின்பக்கம் கருப்பு எழுத்திலும் அச்சிடுவதற்கானது. இரு பக்கமும் அச்சிடும் வசதி கொண்ட பொறி இருந்தால் அட்டையைக் கையால் திருப்பிப் போட வேண்டியதில்லை. இந்த ரிப்பனில் பின்பக்கக் கருப்புக்கு மேல் பூச்சு இல்லை. பட்டைக்குறியீட்டைப் பின்பக்கம் அமைத்துவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தால், நாள்தோறும் கருவியில் உரசும் பகுதி பாதுகாப்பின்றி நிற்கும். அந்நிலையில் பட்டைக்குறியீட்டை முன்பக்கத்துக்கு மாற்றலாம், அல்லது பின்பக்கத்துக்கும் மேற்பூச்சு உள்ள ரிப்பனைத் தேடலாம்.

அரைப் பேனல் ஒய்எம்சிகேஓ: மூன்று நிறப் பேனல்களும் பாதி நீளத்தில் இருக்கும். கருப்பும் மேற்பூச்சும் முழு நீளத்தில் இருக்கும். புகைப்படமும் சின்னமும் அட்டையின் ஒரு பாதிக்குள் அடங்கினால் இது போதும். ஒரு சுருளில் 350 முதல் 400 அட்டைகள் வரை கிடைப்பதுண்டு. நிறம் பாதியைத் தாண்டினால் இது பயன்படாது.

கேஓ: கருப்பு எழுத்தும் அதன்மேல் பூச்சும் மட்டும் கொண்டது. நிறுவனப் பெயரும் சின்னமும் முன்பே ஆஃப்செட்டில் அச்சிடப்பட்ட அட்டைகளில் பெயரையும் எண்ணையும் சேர்க்க ஏற்றது.

கே: கருப்பு ரெசின் மட்டும். ஒரு சுருளில் 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட அட்டைகள் அச்சாகும். செலவு மிகக் குறைவு. பாதுகாப்புப் பூச்சு இல்லாததால் உரசலில் விரைவில் தேயும். பார்வையாளர் அட்டை, சில நாட்களுக்கான அனுமதி அட்டை ஆகியவற்றுக்குப் பொருந்தும். நீலம், சிவப்பு, வெள்ளை, பொன், வெள்ளி நிற ஒற்றை ரிப்பன்களும் உண்டு.

மறுமாற்றுப் படலம்: இம்முறையில் படம் முதலில் ஒரு தெளிந்த படலத்தில் அச்சிடப்பட்டு, பிறகு அப்படலம் வெப்பத்தால் அட்டையில் ஒட்டப்படுகிறது. அச்சுத்தலை அட்டையைத் தொடுவதில்லை. உள்ளே சிப்பும் கம்பிச்சுருளும் இருப்பதால் மேடுபள்ளமாகும் மின்னணு அட்டைகளில், நேரடி அச்சில் வெள்ளைத் திட்டுகள் விழும். மறுமாற்று முறையில் அக்குறை இல்லை. பொறியும் ரிப்பனும் விலை கூடியவை.

சூழலும் தேர்வும்

எந்த ரிப்பன் சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. அட்டை எங்கே அணியப்படுகிறது, யார் அல்லது எது அதைப் படிக்கிறது என்ற இரண்டு கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

பதனிடும் கூடத்தின் ஈரப் பிரிவில் தோல்கள் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடி நீக்கப்படுகின்றன. பிறகு உப்பு, அமிலம், குரோமிய உப்பு ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இங்கு அட்டை நனைகிறது, துடைக்கப்படுகிறது, மீண்டும் நனைகிறது. நீர் மட்டும் பி.வி.சி. அட்டையின் சாயத்தைக் கரைப்பதில்லை. சுண்ணாம்புத் துகள்களோடு துடைக்கும்போது ஏற்படும் உராய்வே மேற்பூச்சைத் தேய்க்கிறது. பூச்சு போனபின் கருப்பு ரெசின் உதிரத் தொடங்கும்.

காலணித் தொழிற்சாலையின் பசை ஒட்டும் பிரிவில் ஆபத்து வேறு வகையானது. ஒட்டுப் பசைகளிலும் துப்புரவுத் திரவங்களிலும் உள்ள அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் பி.வி.சி.யையே இளக்கக்கூடியவை. கரைப்பான் பட்ட விரலால் அட்டையைத் துடைத்தால் புகைப்படம் கலங்கிவிடும். சாதாரண மேற்பூச்சு மிக மெல்லியது என்பதால் இதைத் தடுக்காது. இங்கு லேமினேட் எனப்படும் தடித்த பாலியஸ்டர் உறை தேவை. இது பொதுவாக 15 அல்லது 25 மைக்ரான் தடிமனில் கிடைக்கிறது. லேமினேட் ஒட்டும் வெப்பத்தில் தூய பி.வி.சி. அட்டை வளையக்கூடும். ஆகவே பி.வி.சி.யும் பாலியஸ்டரும் கலந்த அட்டைகளே பரிந்துரைக்கப்படுகின்றன.

தையல், வெட்டுப் பிரிவுகளில் கரைப்பான் குறைவு. ஒய்எம்சிகேஓ ரிப்பனும் கெட்டியான அட்டை உறையும் போதும். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் இதுவே பொருந்தும். மருத்துவமனையில் கிருமிநாசினியால் அடிக்கடி அட்டை துடைக்கப்படுவதால், மேற்பூச்சு இல்லாத கே ரிப்பனைத் தவிர்ப்பது நல்லது.

அட்டை உறையும் கவனத்துக்குரியது. மிருதுவான, வளையும் வினைல் உறையில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள் கலந்திருக்கும். நாளடைவில் அது அட்டையிலுள்ள சாயத்தை ஈர்த்துக்கொள்ளும். புகைப்படத்தின் நிழலுருவம் உறையின் உட்பக்கத்தில் பதிந்திருப்பது இதன் அறிகுறி. கெட்டியான பாலிகார்பனேட் உறை அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் இச்சிக்கல் எழுவதில்லை. நேரடி வெயிலும் சாயத்தை வெளிறச் செய்யும். கரியால் ஆன கருப்பு ரெசின் வெயிலில் வெளிறுவதில்லை.

செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம், நிரந்தரப் பணியாளருக்கு முழு நிற அட்டையும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கே ரிப்பனில் அச்சிட்ட அட்டையும் வழங்குவது எளிய வழியாகத் தோன்றும். ஒப்பந்தத் தொழிலாளி ஈரப் பிரிவில் வேலை செய்பவராக இருந்தால், மிகக் கடினமான சூழலுக்கு மிக மெலிந்த அட்டை போய்ச் சேரும். சில வாரங்களில் குறியீடு படிக்காமல் போகும்போது, வாயிலில் காத்திருக்கும் நேரமும் வருகை விடுபட்டதால் வரும் கூலிச் சிக்கலும் அவர் தலையில் விழும். பதவியின்படி ரிப்பனைப் பிரிப்பதைவிட வேலைப் பிரிவின்படி பிரிப்பதே பொருத்தமானது.

பட்டைக்குறியீடும் கருப்புப் பேனலும்

மஞ்சள், மெஜந்தா, சியான் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டாலும் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும். இது கலவைக் கருப்பு எனப்படும். இதற்கும் கே பேனலின் கருப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சில அட்டைப் படிப்பிகள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குகின்றன. சாயங்களால் ஆன கருப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆகவே கருவிக்கு அந்த இடம் வெறுமையாகவே தெரியும். கரி கலந்த ரெசின் அந்த ஒளியை உறிஞ்சுவதால் கோடுகள் படிக்கப்படுகின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பட்டைக்குறியீட்டை வாயிலில் உள்ள கருவி ஏற்க மறுப்பதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

300 புள்ளி அச்சுத்தலையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.085 மில்லிமீட்டர். பட்டைக்குறியீட்டின் மிக மெல்லிய கோட்டுக்கு மூன்று புள்ளிகளாவது ஒதுக்கினால் அது 0.25 மில்லிமீட்டர் ஆகும். கியூஆர் குறியீட்டில் 25 கட்டங்கள் கொண்ட இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொண்டு, கட்டத்துக்கு நான்கு புள்ளிகளும், நான்கு பக்கமும் நான்கு கட்ட வெற்றிடமும் விட்டால் சுமார் 11 மில்லிமீட்டர் சதுரத்தில் அடங்கும். அதிகபட்சப் பிழைதிருத்த நிலையில், சுமார் 30 விழுக்காடு சிதைந்தாலும் தரவை மீட்க முடியும். அந்நிலையிலும் இப்பதிப்பில் 34 இலக்கங்கள் வரை பதியலாம் என்பதால் பணியாளர் எண்ணுக்கு இது தாராளம். அட்டை தேயும் சூழலில், கோடுகளால் ஆன பட்டைக்குறியீட்டைவிடக் கியூஆர் குறியீடு நீண்ட நாள் தாங்குவதற்கு இத்திருத்தமே காரணம். அதைப் படிக்கப் படமெடுக்கும் வகைக் கருவி தேவை.

தமிழ் எழுத்துகள்

அட்டையில் பெயர் தமிழில் அச்சாகும்போது கூடுதல் கவனம் தேவை. 6 புள்ளி அளவுள்ள எழுத்துக்கு 300 புள்ளி அச்சுத்தலையில் உயரவாக்கில் 25 புள்ளிகளே கிடைக்கின்றன. அதற்குள் மெய்யெழுத்தின் புள்ளிக்கு இரண்டு மூன்று புள்ளிகள்தான் மிஞ்சும். கலவைக் கருப்பில் மூன்று நிறங்களும் நூலிழை விலகினாலும் மெய்யின் புள்ளி மங்கிவிடும். ண, ன வேறுபாடும் ழ, ள வேறுபாடும் தெளிவின்றிப் போகும். அட்டையிலுள்ள பெயரைப் பார்த்து மற்ற பதிவுகளில் எழுதும்போது, வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உள்ள பெயரோடு பொருந்தாமல் போக இது வழி செய்யும்.

இதைத் தவிர்க்கக் கே பேனலில் எழுத்து விழ வேண்டும். வடிவமைப்பில் எழுத்து தூய கருப்பாகவும், படமாக மாற்றப்படாமல் எழுத்தாகவும் இருந்தால்தான் அச்சுப்பொறியின் மென்பொருள் அதைக் கே பேனலுக்கு அனுப்பும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள், வேறு கணினியில் எழுத்து சிதையும் என்று அஞ்சி முழு அட்டையையும் படக்கோப்பாக மாற்றித் தருவது வழக்கம். அப்படி மாற்றினால் பெயரும் புகைப்படத்தின் பகுதியாகக் கருதப்பட்டுக் கலவைக் கருப்பில் அச்சாகும். ஒய்எம்சிகேஓ ரிப்பன் வாங்கியும் அதன் கே பேனல் வீணாகும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி எழுத்துருவில் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தால் இச்சிக்கல் பெரும்பாலும் நீங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் வழங்கும் உருது எழுத்தின் மெல்லிய வளைவுகளுக்கும் புள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

மறுபுறம், புகைப்படத்தின் பரப்பில் கே பேனல் பயன்படக் கூடாது. கருமுடியும் கண்ணும் ரெசினில் அச்சானால் முகத்தில் கரித்திட்டுபோல் தெரியும். மென்பொருளில் புகைப்படப் பரப்பை மட்டும் விலக்கி வைக்கும் வசதி உண்டு.

முன்னச்சிட்ட அட்டைகளும் மாவட்டப் பிரிப்பும்

எண்ணிக்கை மிகுந்தால், மாறாத பகுதிகளை ஆஃப்செட்டில் முன்னரே அச்சிட்டுக்கொண்டு கேஓ அல்லது அரைப் பேனல் ரிப்பனைப் பயன்படுத்துவது சிக்கனமானது. எது மாறாது என்று முடிவு செய்வதில்தான் சிக்கல் உள்ளது. இப்பகுதியில் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. 2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. ஆற்காடு, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம் ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நீடித்தன.

இத்தகைய மாற்றத்தின்போது, முகவரியில் வேலூர் மாவட்டம் என்று முன்னச்சிட்ட அட்டைக் கட்டு ஒரே நாளில் பழையதாகிவிடும். முகவரியைக் கே பேனலில் அச்சிடும் நிறுவனம் கணினியில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். சின்னம், நிறப்பட்டை போன்றவற்றை மட்டும் முன்னச்சிட்டு, முகவரி, தொலைபேசி எண், செல்லுபடிக் காலம் ஆகியவற்றைப் பொறியில் அச்சிடுவது பாதுகாப்பானது.

செலவைக் கணக்கிடும் முறை

1,200 தொழிலாளர் கொண்ட ஒரு தொழிற்சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 300 அட்டை தரும் ஒய்எம்சிகேஓ சுருள் என்றால் நான்கு சுருள்கள் தேவை. 400 அட்டை தரும் அரைப் பேனல் என்றால் மூன்று போதும். 200 அட்டை தரும் ஒய்எம்சிகேஓகே என்றால் ஆறு வேண்டும். 300 அட்டைச் சுருள் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓர் அட்டையின் ரிப்பன் செலவு 10 ரூபாய். 1,000 அட்டை தரும் கே சுருள் 1,500 ரூபாய் என்றால் அது ஒன்றரை ரூபாய்.

இக்கணக்கு ஒரு முறை அச்சிடுவதற்கு மட்டுமே. ஒன்றரை ரூபாய் அட்டை ஆண்டுக்கு மூன்று முறை தேய்ந்து மாற்றப்பட்டால், ரிப்பனோடு வெற்று அட்டையின் விலையும் அச்சிடுபவரின் நேரமும் மும்மடங்காகும். தொழிலாளி டைம் ஆபீஸ் வாசலில் நிற்கும் நேரம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆகவே ஓர் அட்டைக்கான விலையைவிட, அட்டை பயன்படும் ஒரு மாதத்துக்கான விலையே சரியான அளவுகோல். பிழையாக அச்சாகும் அட்டைகளுக்கும் புதிதாகச் சேர்பவர்களுக்கும் சில விழுக்காடு கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும்.

பொருத்தமும் பராமரிப்பும்

ஒரு நிறுவனத்தின் அச்சுப்பொறிக்கு உருவாக்கிய ரிப்பன் மற்றொன்றில் பொருந்தாது. எவோலிஸ், சீப்ரா, ஃபார்கோ, மேஜிகார்டு, என்ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் பலவும் ரிப்பன் சுருளில் சிறு மின்னணுக் குறியை வைக்கின்றன. பொறி அதைப் படித்து ரிப்பன் வகையையும் மீதமுள்ள அட்டை எண்ணிக்கையையும் அறிந்துகொள்கிறது. வாங்கும் முன் பொறியின் மாதிரி எண், ஒரு பக்க அச்சா இரு பக்க அச்சா என்ற விவரம், விற்பனைப் பகுதிக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஒரே மாதிரியின் ரிப்பனாக இருந்தாலும், வேறு நாட்டுச் சந்தைக்கென விற்கப்பட்டதைச் சில பொறிகள் ஏற்பதில்லை.

தோல் தொழிற்சாலையில் தூசி பெரும் பகை. தோலை உரசி மென்மையாக்கும்போது எழும் நுண்துகள் வெற்று அட்டையில் படிந்தால், அந்த இடத்தில் நிறம் இறங்காமல் வெள்ளைப் புள்ளி விழும். கடினத் துகள் அச்சுத்தலையைக் கீறினால், அதன்பின் அச்சாகும் ஒவ்வொரு அட்டையிலும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அச்சுத்தலையை மாற்றும் செலவு பல சுருள்களின் விலைக்கு மேல். பொறியை உற்பத்திக் கூடத்திலிருந்து விலகிய, மூடிய அறையில் வைப்பதும், ஒவ்வொரு ரிப்பன் மாற்றத்தின்போதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துப்புரவு அட்டையைச் செலுத்துவதும், வெற்று அட்டையை விளிம்பில் மட்டும் பிடிப்பதும் இதைத் தடுக்கும். முடி நீக்கும் பிரிவின் சல்பைடு வாயு மின்னணுத் தொடுமுனைகளை அரிக்கக்கூடியது என்பதாலும் பொறி அங்கிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

வேலூரின் கோடை வெப்பம் ரிப்பனுக்கும் உகந்ததன்று. திறக்காத சுருளைச் சுமார் 25 பாகை செல்சியசுக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், அதன் உறையிலேயே வைப்பது நல்லது. வெப்பத்தில் கிடந்த சுருளில் படலங்கள் ஒட்டிக்கொண்டு, அச்சின்போது அறுந்துவிடும். குளிரூட்டிய அறைக்குக் கொண்டுவந்த சுருளைச் சில மணி நேரம் கழித்துப் பயன்படுத்துவது முறை.

பயன்படுத்திய ரிப்பனும் தனியுரிமையும்

அச்சிட்டு முடிந்த சுருளை விரித்துப் பார்த்தால், கே பேனலில் ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் எதிர்மறைப் படமாக, படிக்கத்தக்க நிலையில் இருக்கும். நிறப் பேனல்களில் முகத்தின் உருவமும் தெரியும். 300 பேரின் விவரங்கள் வரிசையாக உள்ள சுருள் குப்பைத்தொட்டிக்குப் போவது, பணியாளர் பட்டியலையே வீதியில் வீசுவதற்குச் சமம். கியூஆர் குறியீட்டையும் அதிலிருந்து மீட்டு எடுக்கலாம்.

தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள்மீது சுமத்தும் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்டது. பயன்படுத்திய ரிப்பனை நறுக்கி அழிப்பது எளிய தீர்வு. சில பொறிகள் அச்சு முடிந்ததும் கே பேனலில் மிஞ்சிய எழுத்தைக் குலைத்துவிடும் வசதி கொண்டவை. வெளிக்கடையில் அட்டை அச்சிடக் கொடுக்கும் நிறுவனம், தரவுக் கோப்பை நீக்கச் சொல்வதோடு ரிப்பனை என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது தகும்.

ரிப்பன் இல்லாத முறைகள்

சிறிய கடைகளில் மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் தட்டு பொருத்தி, மேற்பூச்சு செய்யப்பட்ட பி.வி.சி. அட்டைகளில் நேரடியாக அச்சிடுகின்றனர். தாளில் அச்சிட்டு, டிராகன் ஷீட் எனப்படும் பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்து வெப்பத்தில் இணைத்து வெட்டும் முறையும் உண்டு. இரண்டிலும் செலவு குறைவு. மைத்தெளிப்பு அட்டையின் மேற்பரப்பு உரசலுக்கும் ஈரத்துக்கும் அவ்வளவாகத் தாங்காது. இணைத்த தாள் அட்டையில் படம் உள்ளே அடைபட்டிருப்பதால் உரசலைத் தாங்கும். விளிம்பு பிரிந்தால் நீர் உள்ளே புகும். ஈரப் பிரிவுக்கும் பசைப் பிரிவுக்கும் இவை ரிப்பன் அச்சுக்கும் லேமினேட்டுக்கும் மாற்றாக அமைவதில்லை.

தேர்வுச் சுருக்கம்

பார்வையாளருக்கும் குறுகிய கால அனுமதிக்கும் – கே.
முன்னச்சிட்ட அட்டையில் பெயரும் எண்ணும் சேர்க்க – கேஓ.
புகைப்படம் பாதி அட்டைக்குள் அடங்கும் பணியாளர் அட்டைக்கு – அரைப் பேனல் ஒய்எம்சிகேஓ.
மாணவர், அலுவலர், தையல் பிரிவு அட்டைகளுக்கு – ஒய்எம்சிகேஓ.
பின்பக்கத்தில் முகவரி மட்டும் வேண்டுமானால் – ஒய்எம்சிகேஓகே, குறியீடு முன்பக்கத்தில்.
ஈரப் பிரிவு, பசைப் பிரிவு அட்டைகளுக்கு – ஒய்எம்சிகேஓ ரிப்பன் அச்சும் லேமினேட் உறையும், கலப்பு அட்டையில்.
சிப் கொண்ட மின்னணு அட்டைக்கு – மறுமாற்றுப் படலம்.

மொத்தமாக ரிப்பன் வாங்கும் முன், தேர்ந்தெடுத்த வகையில் சில அட்டைகளை அச்சிட்டு, அவற்றை ஒவ்வொரு பிரிவிலும் சில தொழிலாளர்களிடம் ஒரு மாதம் அணியக் கொடுத்து, பிறகு வாயில் கருவியில் படித்துப் பார்ப்பது வழிமுறைகளில் மிக நம்பகமானது. அட்டை எங்கே முதலில் தேய்கிறது என்பதை அந்தச் சோதனையே காட்டிவிடும்.